மேலே சிலுவை போடாமல்

இதை எனக்கு முதலில் சொன்னது சந்தியாகு சார்தான், மாதாவே. எழுபத்தாறாம் வருஷம் பரலோக மாதா திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததே, அன்றைக்கு. என் மூத்தவன் பெலிக்ஸுக்கு ஞானஸ்நானம், சார் ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைத் தொட்டிமேல் ஏந்தியிருந்தார். நம்ம பங்குப் பள்ளிக்கூடத்தில் அவர் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த புதுசு, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தலையில் தண்ணீர் பட்டதும் இவன் வீறிட்ட வீறிடலில் சாமியார் கையிலிருந்த கிண்ணம் ஆடி, பாதித் தண்ணீர் சாருடைய சட்டைக் கையில் கொட்டிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே, "கித்தேரி, இந்தத் தொண்டைக்கு இவன் ஒருநாள் நம்ம பள்ளிக்கூடத்துக்கே ஹெட்மாஸ்டராயிருவான், பாத்துக்கோ" என்றார். தமாஷ்தான். சட்டை நனைந்த மனுஷன் கோபப்படாமல் சொன்ன ஒரு தமாஷ். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். நான் ஒருத்திதான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். முப்பத்தைந்து வருஷம் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. தினம் ஐம்பத்துமூன்று மணி, ஒவ்வொரு மணிக்கும் அதே நினைப்பு. எட்டாவது படித்தவளுக்கு வேறென்ன பெரிய ஆசை தெரியும். இதோ ஆறு மணிக் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை, துக்க தேவ ரகசியங்கள், முட்டி வலிக்கிறது, தொடங்குகிறேன்.

பூங்காவனத்தில் இரத்த வியர்வை. முதல் மணி, இரண்டாம் மணி. தையல் மிஷின் மேல் அந்தத் தாள் இருக்கிறது. கோடு போட்ட தாள், புதுப் பேனா. காற்றாடிக் காற்றில் பறக்காமல் இருக்க என் மாத்திரை டப்பாவை அதன்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என் மகன், மகாராசன். முன்னறையில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. ஹெட்மாஸ்டர் ஆனபிறகு வந்த செருமல் அது, அதற்கு முன்னால் சளி பிடித்தால்தான் செருமுவான். பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தை வீட்டிலும் இடுப்பில்தான் செருகியிருக்கிறான், அசைந்தால் கிலுங்குகிறது, மாட்டுக்குக் கட்டின மணி மாதிரி. சாயங்காலம் வந்ததும் வராததுமாகச் சொன்னான், "அம்மா, ஜெபம் முடிச்சிட்டு எழுதித் தாங்க. அரைப் பக்கந்தான். போன தடவை மாதிரி மேல சிலுவை மட்டும் போட்ராதீங்க." காரியம் ஆகவேண்டியிருந்தால்தான் எனக்கு 'நீங்க'. மற்ற நாளெல்லாம் 'நீ சும்மா கெட'. மேல சிலுவை மட்டும் போட்ராதீங்க. எந்த மணியில் இருக்கிறேன்? நாலா, ஐந்தா? மறுபடியும் முதலிலிருந்து. சிலுவை போட்டதுதான் தப்பு என்று நினைக்கிறான், பாரும். எழுதினது தப்பில்லையாம், எழுதினதன் மேலே ஆண்டவரைக் கூப்பிட்டதுதான் தப்பாம். பிலாத்து கைகழுவத் தண்ணீர் கேட்டான். என் மகன் என் கையையே கேட்கிறான்.

அப்படி என்ன ராச்சியம் அது என்று ஒருநாள் போய்ப் பார்த்தேன், மாதாவே. அவன் பதவி ஏற்ற மறுநாள், சோறு கொண்டுபோகிற சாக்கில். எட்டு வாத்தியார்கள், இருநூறு பிள்ளைகள், மணிக்குத் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. ஹெட்மாஸ்டர் அறை என்றால் முன்னால் வரைபடங்கள் சுருட்டி வைத்திருந்த இடம், ஓரத்தில் பல்லி எச்சம். நடுவில் அந்த நாற்காலி. ஒரு கால் குட்டை, அடியில் அட்டையை மடித்துச் சொருகியிருந்தார்கள். முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தது. அந்தத் துண்டுதான் வித்தியாசம். மற்ற வாத்தியார் நாற்காலிக்குத் துண்டு கிடையாது. ஒரு துண்டுக்கா? குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டுக்கா ஒரு மனுஷனை மண்ணுக்குள் அனுப்பினோம்? அவன் அதில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. எனக்கு அன்றைக்கே அந்த நாடகம் ஞாபகம் வந்தது. இவன் எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்குச் சார் எழுதிப் போட்ட நாடகம். ஒரு தளபதி, தன்னைத் தூக்கி வளர்த்த ராஜாவை விருந்துக்குக் கூப்பிட்டுக் கொன்றுவிட்டு அவர் முடியைத் தானே வைத்துக்கொள்கிறான், அப்புறம் தூக்கமில்லாமல், யாரைப் பார்த்தாலும் வாளை உருவிக்கொண்டு, கடைசியில் தன் நிழலையே வெட்டப்போய்க் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து சாகிறான். பெலிக்ஸ்தான் தளபதி. ராஜாவாக நடிக்க இருந்த பையனுக்கு மணல்வாரி அம்மை போட்டுவிட, சாரே ராஜா வேஷம் கட்டினார். வெள்ளித்தாள் ஒட்டின கிரீடத்தை அவர் தலை அளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். கொலை நன்றாகத்தான் நடந்தது, சார் அழகாகச் செத்தார், பெண்டுகள் பக்கம் விசும்பல்கூடக் கேட்டது. இவன் குனிந்து கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்தான், அது வழுகி மூக்கில் வந்து நின்றது. ஊரே சிரித்தது. செத்துக் கிடந்த சாருக்கும் வயிறு குலுங்கிற்று. வீட்டுக்கு வந்து இவன் சோறு வேண்டாமென்று கவிழ்ந்து படுத்து அழுதான். நான் நினைத்தேன், விளையாட்டுக்கென்றாலும் ஞானத்தகப்பனைக் குத்தினது பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை போல என்று. தலையைத் தடவிக் கேட்டால் சொல்கிறான், "எல்லாரும் ஏம்மா சிரிச்சாங்க?" குத்தினது உறைக்கவில்லை. சிரித்ததுதான் உறைத்தது. அந்த ராத்திரியே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கா புரியும். மறுநாள் உமக்கு ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றினேன், இவன் யாரும் சிரிக்காத உயரத்துக்கு வரவேண்டும் என்று.

கற்றூணில் கட்டுண்டு அடிபட்டது. இரண்டாம் பத்து. இதில்தான் எப்போதும் சிக்கிக்கொள்கிறேன். பழைய ஹெட்மாஸ்டர் ஓய்வு பெறுகிறார், அடுத்தது சர்வீஸ்படி சந்தியாகு சார், மூன்று வருஷம் அவர் இருப்பார், அதற்கப்புறம் அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராயிருக்கிற பெலிக்ஸ். மூன்றே வருஷம். ஒரு புளியங்கன்று வைத்தால் அது மாட்டுக்கு எட்டாத உயரம் வருவதற்குள் போய்விடுகிற மூன்று வருஷம். அது இவனுக்கு முடியவில்லை. அந்த நேரத்தில்தான் சாருடைய வீட்டம்மா மதலேன் என்னிடம் வாயைத் திறந்தாள். எங்கே வைத்துச் சொன்னாள்? உம் சிலை இருக்கிற கெபிக்கு முன்னால். நீரும் கேட்டுக்கொண்டுதானே நின்றீர். "யார்ட்டயும் சொல்லிராதீங்கக்கா, அவருக்கு நடுக்குவாதமாம், வலது கை நிக்கமாட்டேங்கு, டாக்டரு மாத்திரை குடுத்திருக்காரு. வெளிய தெரிஞ்சா ஒடம்புக்கு ஆகாதவன்னு வேலைய விட்டு அனுப்பிருவாங்களோன்னு பயப்படுதாரு, நீங்க ஜெபிச்சுக்கிடுங்க." ஜெபித்துக்கொள்கிறேன் என்றேன். சாப்பாடு பரிமாறும்போது வாய் தவறி மகனிடம் சொன்னேன். வாய் தவறியா? இல்லை, மாதாவே, உம்மிடம் என்ன மறைப்பு. தவறவில்லை. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமென்று தெரிந்துதான் சொன்னேன். வந்தது. இரண்டு நாள் கழித்து இதே தாள், இதே மாதிரி ஒரு பேனா. அவன் கையெழுத்தைத் தாளாளர் சாமியாருக்குத் தெரியும், என் கையெழுத்து ஆபீஸில் யாருக்கும் தெரியாது. சந்தியாகு ஆசிரியர் குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார், கை நடுங்குகிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பெயர் போடாத மொட்டைக் கடிதம். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதுமுன் தாளின் மேலே நடுவில் ஒரு சிலுவை, அதன் கீழே சே.ம.சூ. சேசு மரி சூசை. சிறுவயதில் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் விரலில் அடித்துப் பழக்கினது. பால் கணக்கானாலும், பலசரக்குச் சீட்டானாலும், மகளுக்கு மங்களூருக்குப் போடுகிற கடிதமானாலும், அதில்லாமல் என் கை நகராது. அவனும் வாசித்துப் பார்த்துத்தான் மடித்தான். அவனுக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த வீட்டுத் தாள் ஒவ்வொன்றிலும் அதைப் பார்த்தவன், சுவரைப் பார்க்கிறவனுக்குச் சுண்ணாம்பா தெரியும். ஒரு கொலைக்கு உம் பெயரையும் உம் மகன் பெயரையும் மேலே போட்டு அனுப்பினோம். பக்தியான குடும்பம்.

விசாரணை வைத்தார்கள். முறைப்படி கடிதத்தின் ஜெராக்ஸ் நகல் ஒன்றை மெமோவோடு சேர்த்துச் சார் கையில் கொடுத்தார்களாம். குடிக்கிறவரில்லை என்றால் கரும்பலகையில் ஒரு நேர்கோடு போடுங்கள், பார்ப்போம் என்றார்களாம். முப்பத்தைந்து வருஷம் அந்தப் பலகையில் கோடு போட்ட மனுஷன் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தாராம், பலகையில் வைத்தாராம், அது தட்டித் தட்டி மரங்கொத்தி மாதிரி சத்தம் கேட்டதாம், திருப்பி வைத்துவிட்டாராம். நோய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஒரேயடியாக அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடிதத்தின் தலையில் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். இதைச் சொல்லத்தான் இந்த மணியை இவ்வளவு நேரம் நசுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் யாருக்கும் தெரியாத என் கையெழுத்து அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளில் விண்ணப்பப் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மைக்கில் வாசிக்கிறவர் அவர்தானே, இருபது வருஷமாக. நான் வாரம் தவறாமல் போட்டது அவர் வாயில்தானே வந்தது. பெயர் எழுதமாட்டோம், ஆனால் மேலே சிலுவை, சே.ம.சூ. அந்த வாரமும் போனேன். வெட்கம் கெட்டவள், அந்த வாரமும் சீட்டுப் போட்டேன், 'என் மகன் கருத்து நிறைவேற' என்று. என் சீட்டை விரித்தார். தாள் மைக்கில் உரசிச் சரசரவென்று கோயில் முழுக்கக் கேட்டது. என் புடவைக்குள் வியர்வை இறங்கிற்று. பிறகு வழக்கமான குரலில் வாசித்தார், "ஒரு தாய் தன் மகனுக்காக வேண்டுகிறார். இந்தத் தாயின் மன்றாட்டு கேட்கப்பட, எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம்." எல்லாரும் சேர்ந்து ஜெபித்தார்கள், மாதாவே. அந்தக் கோயிலில் இருந்த அத்தனை பேரையும் சேர்த்து எனக்காக முழந்தாளிட வைத்தார். மன்றாட்டு கேட்கப்பட்டது. அடுத்த மாதம் அவர் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார், பெலிக்ஸ் அந்தத் துண்டில் சாய்ந்தான்.

முள்முடி. மூன்றாம் பத்து என்றால் இவனுக்கு முடி சூட்டினதும் இவன் ஆன ஆட்டமும்தான் ஞாபகம் வருகிறது, மன்னியும். முதல் மாதமே வாத்தியார்கள் வருகிறார்களா என்று வாசலில் ஏழு மணிக்கே போய் நின்றான். அப்புறம் அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று சன்னல் பக்கம் நின்றான். யாராவது சிரித்தால் எதற்கென்று கேட்டு எழுதி வாங்கினான். சிரிப்புக்கு விளக்கக் கடிதம் வாங்கின ஹெட்மாஸ்டர் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். வீட்டில் பெண்டாட்டியின் போனை நோண்டினான், அவள் ஈஸ்டருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள்தான், இன்னும் வரவில்லை. போகட்டும் என்கிறான். சாவிக்கொத்து இருக்கிறதே துணைக்கு. அந்த ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் சார் இறந்தார். வேலையை விட்டபின் மனசொடிந்து எட்டு மாதம்தான் இருந்தார். அடக்கத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் விடுமுறை விட்டான் என் மகன். அரைநாள். ஞானமகன் என்ற உரிமையில் முதல் பிடி மண்ணும் அவன்தான் போட்டான். போட்டுவிட்டு மைக் பிடித்து, இந்தப் பள்ளிக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று சொன்னான். பேசின தொண்டை அதே தொண்டை. தொட்டிமேல் ஏந்தினவருடைய குழிக்கு மேலே நின்று அதே தொண்டை. நான் கறுப்புச் சேலையில் மதலேனுக்குப் பக்கத்தில் நின்று அவள் தோளைப் பிடித்திருந்தேன். இந்தக் கைதான். மணி உருட்டுகிற கை, சீட்டெழுதுகிற கை. ஒரு கைக்கு எத்தனை வேலை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மதலேன் வீட்டுக்கு வந்தாள். சாருடைய படம் போட்ட நினைவு அட்டையைக் கொடுத்தாள், அதற்குள் நாலாக மடித்த ஒரு நகல். நான் விரிக்கவில்லை. விரிக்காமலே தெரிந்தது. அவள் காப்பி வேண்டாமென்றாள். நிலைப்படியில் நின்று சொன்னாள், "பைபிளுக்குள்ள வச்சிருந்தாருக்கா. யாருட்டயும் காட்டக்கூடாது, கித்தேரிட்ட குடுத்துருன்னாரு. ஒங்க எழுத்து நல்லா இருக்கும்னு எப்பவும் சொல்லுவாரு." அவ்வளவுதான். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். மண்ணை வாரித் தூற்றினால் துடைத்துக்கொள்ளலாம். ஒங்க எழுத்து நல்லா இருக்கும். அன்று சாயங்காலம் மகன் வந்ததும் அந்த நகலை அவன் முன்னால் விரித்து, மேலே இருந்த சிலுவையை விரலால் காட்டினேன். இவனும் மனுஷன், ஞானஸ்நானம் வாங்கினவன், உட்கார்ந்து அழுவான், நானும் அழலாம், இரண்டு பேருமாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். "சே, இத நான் அன்னைக்கே கவனிக்காம விட்டுட்டேனே" என்றான். எடுத்துப்போய் அடுப்பில் காட்டினான். சாம்பலை ஊதினான். அதற்குப் பிறகு அவனுக்கு என் கையால் சோறு போடும்போதெல்லாம் எனக்கு வருவது கோபமில்லை, மாதாவே, கோபமென்றால் நல்லது. அருவருப்பு. சோற்றில் மயிர் கிடந்தால் வருமே, அது. அதைப் பெற்றவளும் நான்தானே என்று நினைத்தால் அதைவிட.

சிலுவை சுமந்தது. நாலாம் பத்து வேகமாகப் போகிறது, போகவேண்டாம், மெதுவாக, மெதுவாக. முடித்தால் எழுந்திருக்க வேண்டும். இந்தத் தடவை ரெஜினா டீச்சர். பெலிக்ஸுக்கு அடுத்த சர்வீஸ், புருஷன் இல்லாதவள், மதலேனுக்குப் பக்கத்து வீடு. அவளிடம் அந்தக் கடிதத்தின் இன்னொரு நகல் இருக்கும், அவள் தன்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள் என்று இவனுக்கு ஒரு பேய். இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எனக்கு இல்லையென்றுதான் படுகிறது, மதலேன் அப்படிப்பட்டவளில்லை. ஆனால் நிழலை வெட்டப் புறப்பட்டவனுக்கு ஆள் எதற்கு. டீச்சரையும் பள்ளிக்கூட வேன் டிரைவரையும் சேர்த்து அரைப் பக்கம் எழுதவேண்டுமாம். அந்தப் பிள்ளைக்கு, அந்த டீச்சருடைய மகளுக்கு, போன ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. நாளை மறுநாள் இரண்டாம் ஓலை. அதற்குள் கடிதம் மாப்பிள்ளை ஊர்ப் பங்குச் சாமியார் கைக்குப் போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமை தாளை வைத்திருக்கிறான். கெட்டிக்காரன். நான் பெற்ற கெட்டிக்காரன்.

"முடிஞ்சுதாம்மா?" என்று முன்னறையிலிருந்து கேட்கிறான். சாவி கிலுங்குகிறது. முடியவில்லை என்று சொல்லாமல், குரலை உயர்த்தி அருள் நிறைந்த மரியே என்கிறேன். ஜெபத்துக்கு நடுவில் பேசமாட்டேனென்று அவனுக்குத் தெரியும். இந்த ஒரு மரியாதைதான் மிச்சம். ஐந்தாம் பத்து. எழுதமாட்டேன் என்றால் என்ன செய்வான்? வேறு யாரையாவது எழுத வைப்பான். இடது கையால் அவனே எழுதுவான். கட்டை எழுத்தில் எழுதுவான். நான் மாட்டேன் என்றாலும் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுதான் போகும். அதுதான் இவ்வளவு நேரம் மணியில் சிக்கிக்கொண்டிருந்தது. எழுதாமல் இருந்தால் போதாது. எழுதவேண்டும். தாளாளர் சாமியாருக்கு, பெயர் போட்டு. அந்த முதல் கடிதத்தை எழுதியவள் நான், சொன்னவன் என் மகன், சாருக்கு இருந்தது நோய், இனி என் வீட்டிலிருந்து ரெஜினா டீச்சரைப் பற்றி எது வந்தாலும் பொய். அதோடு தீர்ந்தது. அவன் நாற்காலியும் தீர்ந்தது, என் சோறும் தீர்ந்தது. இந்த வீடு அவன் பேரில் இருக்கிறது. பெற்ற மகனைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் சொல்லும், கோயிலில் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள். மதலேன் உட்காருவாளோ என்னவோ. தொட்டிமேல் அவன் கிடந்தபோது எவ்வளவு லேசாக இருந்தான், மாதாவே. நனைந்த தலை, ஒரு சாண் முகம். அதை நினைத்தால் கை பின்னால் இழுக்கிறது. இழுக்கட்டும். கடைசி மணி, திரித்துவத் துதி, ஆமென்.

எழுந்துவிட்டேன். முட்டி இரண்டும் சடக்கென்றது, அவனுக்குக் கேட்டிருக்கும். "எழுதுதேன்டா, இரு" என்று சொல்லிவிட்டேன், பொய்யில்லை. மாத்திரை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு மேலே நடுவில் சிலுவையைப் போட்டேன். பெரிதாகவே போட்டேன். அதன் கீழே சே.ம.சூ. அடுத்த வரியில் முதலிலேயே என் பெயர், கித்தேரியம்மாள், வாசிக்கிறவர் தேடவேண்டாம். முன்னறையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. காற்றாடி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது, என் வலது கை நடுங்குகிறது, சாருடைய கை மாதிரியே தட்டித் தட்டி, எழுத்து நன்றாக வரவில்லை. வேறொன்றும் கேட்கவில்லை, தாயே. இந்தத் தாளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்.